நூறு ஏக்கருக்கு ஆறு சென்ட்

பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று வரை 1802-ல் அளவையாளர் வில்லியம் லாம்டன் ஒரு நேர்கோட்டை அளந்தார். கிடைத்த நீளம் 40,006 அடி சொச்சம். நம் கணக்கில் 12.19 கிலோமீட்டர். அதே இரண்டு முனைகளின் ஆயத்தொலைவுகளை இன்று யூ.டி.எம். கட்டத்தில் கொடுத்து, நடுவே எவ்வளவு தூரம் என்று கணினியைக் கேட்டால் ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டர் குறைத்துச் சொல்லும். பன்னிரண்டு அடி! புறநகரில் ஒரு மனைக்குப் பாதை விடுகிற அகலம். லாம்டன் தப்பாக அளக்கவில்லை, கணினியும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. அவர் அளந்தது தரையை. கணினி சொல்வது தாளில் உள்ள தூரத்தை.

தரைக்கும் தாளுக்கும் இடையில் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பது தாம்பரம் வட்டாரத்தில் மனை வாங்கி விற்றவர்களுக்கு நெடுங்காலம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

லாம்டனின் மார்பளவுச் சிலை பரங்கிமலையில் இருக்கிறது. சிலையைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு அவர் அந்த ஒரு கோட்டுக்காகப் பட்ட பாடு தெரிய வழியில்லை. 1802 ஏப்ரல் 10-ல் வேலை ஆரம்பம். கத்திரி வெயிலுக்குள் நுழைகிற நேரம். கையில் நூறடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகப் போன பொருள்களில் ஒன்று, அங்கே விலை போகாமல் கல்கத்தா வழியாக இவர் கைக்கு வந்தது. அதைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போகவில்லை. மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நீட்டலுக்கும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். இப்படி நானூறு தடவை.

சூட்டின் மேல் ஏன் இவ்வளவு கண்? நூறடி எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். நானூறு தடவை சேர்ந்தால் அது பதினான்கு சென்டிமீட்டர். சித்திரையில் விடியற்காலைக்கும் உச்சிப்பொழுதுக்கும் இடையே பத்து டிகிரி ஏறுவது சாதாரணம். கணக்கில் கொள்ளாவிட்டால் ஒன்றரை மீட்டர் அங்கேயே போய்விடும். அந்த அக்கறைக்கான சான்று 1804-ல் கிடைத்தது. பரங்கிமலைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை கணக்கிட்டுக்கொண்டு போய், அங்கே சுமார் ஏழு மைல் நீளமுள்ள இன்னொரு கோட்டை நேரடியாக அளந்தபோது, கணக்குக்கும் அளவுக்கும் இருந்த வேறுபாடு 3.7 அங்குலம். முக்கோணங்களை மேற்குக் கடற்கரை வரை நீட்டியபோது, 400 மைல் அகலம் என்று அதுவரை வரைந்து வைத்திருந்த தீபகற்பம் 360 மைல்தான் என்று தெரியவந்தது.

இன்று உள்ளகரம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கமாகப் பரங்கிமலைக் கோடு போகும். இரண்டு கம்பு நட்டு நேர் பார்க்க ஒரு தெரு நீளத்துக்கு மேல் வெட்டவெளி கிடையாது.

லாம்டனுக்கு முன்பே இந்தப் பக்கம் அளக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகிரை அளந்தார். சுமார் 2,000 கிராமங்கள். ஊர்க் கணக்குகள் ஓலையில் எழுதப்பட்டன. 1794-ல் சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் டாப்பிங் சர்வே வேலைக்கு ஆள் தயாரிக்கச் சிறுவர்களைக் கொண்டு ஒரு பள்ளி தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் பூமி உருண்டை என்பதை அளவுக்குள் கொண்டுவந்த முதல் பெரிய வேலை லாம்டனுடையது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் அந்த உருண்டைக்கு ஓர் அளவு வகுத்தார். நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,276 மீட்டர். இன்று ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 உருண்டையைவிட 861 மீட்டர் சிறியது. எவரெஸ்ட் அளவைச் சர்வே ஆஃப் இந்தியா இருபதாம் நூற்றாண்டு முழுதும் வைத்திருந்தது.

உருண்டையைத் தாளாக்குவது அடுத்த வேலை. ராணுவத்துக்காகச் சர்வே ஆஃப் இந்தியா வகுத்த லாம்பெர்ட் கட்டத்தைப் புரிந்துகொள்ளக் கடலைப் பொட்டலம் போதும். பூமிப் பந்தின் மேல் ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்து, பந்தில் உள்ளதைக் கூம்பில் பதித்து, பிறகு கூம்பைப் பிரித்து மேசையில் விரித்தால் கிடைப்பது அந்த வரைபடம். தென்னிந்தியாவுக்கான கூம்பு 12-ம் அட்சரேகையை மையமாகக் கொண்டது. நடுக்கோடு 80-ம் தீர்க்கரேகை. அந்தத் தீர்க்கரேகை செங்கல்பட்டு ஊருக்குச் சற்றுக் கிழக்கே ஓடுகிறது என்பதை அங்கே ரயில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்! கிழக்கே 30 லட்சம் கஜம், வடக்கே 10 லட்சம் கஜம் என்று எண்களை ஏற்றி வைத்தார்கள், எங்கேயும் கழித்தல் குறி வராமலிருக்க. மேடவாக்கத்து ஏரிக்கரைக்கும் லட்சக் கணக்கான கஜத்தில் ஒரு முகவரி இருந்தது. அந்தக் கட்டம் போட்ட தாள் ராணுவத்திடம் இருந்தது. கடலோரப் பகுதிகளின் 1:50,000 தாள்கள் பொதுமக்கள் கைக்குத் தாராளமாகக் கிடைக்காத நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. தாம்பரம் கடலோரத்துக்குள்ளும் வருகிறது, விமானப்படைத் தளமும் வைத்திருக்கிறது.

அந்தக் காலத்துத் தாள்களில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. சென்னை வானாய்வகத்துக்கு 1815 வாக்கில் கணித்த தீர்க்கரேகையில் பிழை இருந்தது. இந்தியா முழுவதற்கும் அதுதான் ஆதாரம் என்பதால் நாடே கிழக்கே தள்ளி அச்சாகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தும்வரை, 2 நிமிடம் 27 விநாடி கழித்துக்கொள்ளவும் என்ற குறிப்போடு வரைபடங்கள் வந்தன. இந்த அட்சரேகையில் அது 4.4 கிலோமீட்டர். தாம்பரம் மட்டுமல்ல, மங்களூரும் காசியும் சேர்ந்து நகர்ந்திருந்தன. யாருடைய வேலியும் நகரவில்லை, ஒரு வழக்கும் வரவில்லை. எல்லாம் ஒன்றாக நகர்ந்தால் வம்பில்லை. பாதி நகர்ந்து பாதி நின்றால்தான் தகராறு.

அது மேல்தட்டுக் கணக்கு. நிலத்தை வைத்திருந்தவனுக்கு வேறு கணக்கு. 1858-ல் சென்னை மாகாணத்தில் ரெவின்யூ சர்வே தொடங்கியபோது தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் ஏரிப் பாசன ஊர்கள். சர்வே பார்ட்டி ஊர் எல்லையைத் தியோடலைட் வைத்துச் சுற்றி வரும். மூன்று ஊர் எல்லை கூடும் இடத்தில் முச்சந்திக் கல் நடும். உள்ளே ஒவ்வொரு புலமும் 66 அடிச் சங்கிலியால் அளக்கப்படும். ஒரு சங்கிலிக்கு நூறு லிங்க்ஸ். ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், நூறு சென்ட் ஒரு ஏக்கர். பின்னமே வராத அழகான கணக்கு. கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு ஜி லைன் போட்டு, அதிலிருந்து செங்குத்தாக ஆஃப்செட் எடுத்து வளைவுகளைக் குறிப்பார்கள். அந்தப் படந்தான் எஃப்.எம்.பி. என்று இன்றும் நாம் கேட்டு வாங்குகிற புலப்படம்.

அதில் அட்சரேகை இல்லை, தீர்க்கரேகை இல்லை, உருண்டையும் இல்லை. வேண்டியதில்லைதான். மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கிராமத்தில் பூமியின் வளைவால் வரும் வேறுபாடு ஒரு தலைமயிரின் பருமன்கூடத் தேறாது. ஆகவே ஒவ்வொரு ஊரும் தனித்தனித் தட்டைப் பூமியாக அளக்கப்பட்டது. கிரையப் பத்திரமும் அப்படியே பேசியது: கிழமேல் வடபுறம் 40 அடி, தென்வடல் கீழ்புறம் 60 அடி, இன்னார் மனைக்கு மேற்கு, இருபதடி ரோட்டுக்கு வடக்கு. நான்கெல்லையில் அக்கம்பக்கத்தார் பெயர் இருந்தால் போதும். மனை எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். 1923-ம் ஆண்டு சர்வே மற்றும் எல்லைகள் சட்டம் அந்தக் கற்களுக்குப் பலம் கொடுத்தது. கல்லைப் பிடுங்கினால் தண்டனை உண்டு. பிடுங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு கணக்குகளும் ஒரே மண்ணில் இப்படி அருகருகே நடந்தன, ஒன்றோடொன்று பேசாமல். பக்கத்துப் பக்கத்து ஊர்ப் படங்களை ஒட்டிப் பார்த்தால் ஓரங்கள் சேராது; சில இடத்தில் சந்து விழும், சில இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். வரப்பில் நாலு லிங்க்ஸ் கூடக் குறைய இருந்தால் நெல்லுக்கு என்ன நஷ்டம்? மனையாகிச் சதுர அடிக்கு விலை பேசத் தொடங்கியபோது அந்த நாலு லிங்க்ஸ், இரண்டரை அடிக்கும் மேலான சுவரானது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தபோது, நிர்வாகம் ஒரே நாளில் ஒன்றானது. படங்கள் ஒன்றாகவில்லை. ஒரு தெருவில் கிராம சர்வே எண், அடுத்த தெருவில் வார்டு பிளாக் போட்ட டி.எஸ். எண், கோயில் பக்கம் நத்தம் எண். ஒரே மனைக்கு மூன்றும் வந்துபோன பத்திரக் கட்டுகளும் உண்டு.

இப்போது சர்வேயர் சங்கிலி கொண்டுவருவதில்லை. ஒரு கம்பின் உச்சியில் தட்டு மாதிரி ரோவர். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலையும், நிலையாக நட்டு வைத்த நிலையங்களிலிருந்து இணையம் வழி வரும் திருத்தத்தையும் சேர்த்துச் சில விநாடிகளில் ‘ஃபிக்ஸ்’ ஆகிவிட்டது என்பார். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடம் தெரியும். அந்த மாதிரி நிலையங்கள் ஆயிரத்துக்கு மேல் நாடெங்கும் நடப்பட்டிருக்கின்றன. 2005-ம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூ.ஜி.எஸ். 84, யூ.டி.எம். என்று மாற்றியது, 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி அளக்கவும் படம் வெளியிடவும் வழிவிட்டன. புல எண்ணைத் தட்டினால் செயற்கைக்கோள் படத்தின் மேல் எல்லைக்கோடு விழுகிற அரசுத் தளங்களும் வந்துவிட்டன. தனித்தனியாகக் கிடந்த ஊர்த் தட்டைகளை இழுத்து உருண்டையின் மேல் ஒட்டும் வேலை நடக்கிறது. ஒட்டும்போதுதான் சந்துகளும் ஏற்றங்களும் கண்ணில் படுகின்றன. படத்தில் கோடு பக்கத்து வீட்டு ஹாலுக்குள் ஓடுவதைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவர்களுக்கு அளவையாளர்கள் சொல்லும் பதில் நியாயமானது: அந்தக் கோடு பார்வைக்கு, கல்லைக் கண்டுபிடித்து எஃப்.எம்.பி. அளவை வைத்துப் பார்த்தால்தான் எல்லை.

யூ.டி.எம். கூம்பு அல்ல, பந்தைப் படுக்கவைத்த குழாய்க்குள் நுழைத்தது போன்ற ஏற்பாடு. உலகத்தை 60 கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். நம்முடையது 44-ம் கீற்று. நடுக்கோடு 81-ம் தீர்க்கரேகை, அதாவது வங்கக் கடலுக்குள். கீற்றின் ஓரங்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிடாமலிருக்க நடுக்கோட்டில் வேண்டுமென்றே ஆயிரம் மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். தாம்பரம் நடுக்கோட்டிலிருந்து மேற்கே சுமார் 95 கிலோமீட்டர். இங்கே குறைவு கிலோமீட்டருக்கு 29 சென்டிமீட்டர். கட்டத்தின் வடக்கும் உண்மையான வடக்கும் சுமார் 12 நிமிடம் விலகும். ஒரு கிலோமீட்டர் நடந்தால் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போவோம்.

மனைக்கு இது ஒன்றுமில்லை. அறுபதடியில் ஐந்து மில்லிமீட்டர். சுவர்ப் பூச்சில் மறைந்துவிடும். நூறு ஏக்கர் லே-அவுட் என்றால் பேச்சே வேறு. நீளமும் அகலமும் குறைவதால் பரப்பு இரண்டு மடங்கு விகிதத்தில் குறையும்: ஏறக்குறைய ஆறு சென்ட். 2,400 சதுர அடிக் கிரவுண்டு ஒன்று முழுசாகக் காணோம், இன்னும் கொஞ்சம் சேர்த்து. பட்டா சங்கிலியால் தரையில் அளந்த பரப்பைச் சொல்கிறது, டிஜிட்டல் படம் கட்டத்தில் உள்ள பரப்பைச் சொல்கிறது. ஆக்கிரமிப்பு என்று பெயர் வைக்குமுன் எந்தத் தளத்தில் கணக்குப் போட்டார்கள் என்று கேட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் தளத்திலேயே, திருத்தம் இல்லாமல், பரப்பைக் கணக்கிட்டால் நம் அட்சரேகையில் நூறு ஏக்கர் நூற்றைந்துக்கும் மேல் வளர்ந்துவிடும். நல்ல மென்பொருள் தானே திருத்திக்கொள்ளும். அவசரத்தில் போட்ட ஃபைல் திருத்தாது.

அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு உருண்டைகளைக் கலப்பது. பழைய எவரெஸ்ட் ஆயத்தொலைவை டபிள்யூ.ஜி.எஸ். என்று நினைத்துப் போட்டால் சென்னைப் பக்கம் இருநூறு மீட்டருக்கு மேல் இடம் மாறும். மேற்குத் தாம்பரத்தில் இருக்க வேண்டியது தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்குத் தாம்பரத்தில் போய் உட்காரும். இந்த அளவு பிழை கண்ணுக்குத் தெரியும் என்பதால் பிடிபட்டுவிடும். பிடிபடாதவைதான் தொல்லை. உயரத்திலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. சென்னையில் கடல் மட்டம் டபிள்யூ.ஜி.எஸ். உருண்டையின் பரப்பைவிட ஏறக்குறைய 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இந்தியப் பெருங்கடலின் ஈர்ப்புப் பள்ளம் நம் பக்கம் வரை நீள்வதால் வரும் விளைவு. கடல் மட்டத்துக்கு 30 மீட்டர் மேலே நிற்கும் தாம்பரத்தில் ரோவர் திரை கழித்தல் அறுபது என்று காட்டும். மழைநீர் வடிகாலுக்கு மட்டம் எடுக்கிறவர் இதைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வெள்ளம் பார்த்த முடிச்சூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். லாம்டனின் கோட்டுக்குப் பக்கத்து நிலம். சர்வதேசப் பட்டியலுக்குக் கொடுக்கும் எல்லை வரைபடத்தில், ஆயத்தொலைவில் இருக்கிறது. அங்கே மனை வைத்திருப்பவர் பத்திரம் சர்வே எண்ணில் இருக்கிறது. எந்த உட்பிரிவு உள்ளே, எது வெளியே என்று சொல்ல இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் களத்தில் இறங்கிக் கல்லோடு ஒப்பிட்டாக வேண்டும். சதுப்பு நிலத்தின் ஓரம் மழைக்கு மழை நகரும் என்பது தனிக் கஷ்டம்.

யூ.டி.எம். நாடு முழுவதற்குமான சமரசம். ஒரு மாநகராட்சிக்கு அது தளர்ந்த சட்டை. அமெரிக்காவில் 1930-களிலேயே மாநிலத்துக்கு மாநிலம் தனித் தளங்கள் வகுத்து, பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை போகாமல் பார்த்துக்கொண்டார்கள். இங்கே நமக்குக் கிடைப்பது மூவாயிரத்து நானூறில் ஒரு பங்கு. தமிழ்நாட்டுக்கென ஒரு லாம்பெர்ட் தளம் ஏட்டில் இருக்கத்தான் செய்கிறது. களத்தில் புழங்குவது யூ.டி.எம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வழியாக ஒரு நடுக்கோடு போட்டு உள்ளூர்த் தளம் ஒன்றை வகுத்தால் தரைக்கும் தாளுக்கும் உள்ள இந்தப் பேதம் ஏறக்குறைய மறைந்துவிடும். பெரிய கட்டுமானத் திட்டங்கள் தங்கள் வேலைக்கு இப்படி வகுத்துக்கொள்வது வழக்கம்தான். நிலப் பதிவேட்டுக்கும் செய்யலாம் என்பது என் கட்சி. வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: தளங்கள் பெருகினால் கலப்பும் பெருகும்.

எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் ஒன்றைத் தவிர்க்க முடியாது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடகிழக்கே நகர்கிறது. உலகச் சட்டகத்தில் 2000-ல் எடுத்த ஆயத்தொலைவு 2025-ல் நாலடி விலகியிருக்கும், கல்லும் வேலியும் வேப்பமரமும் ஒன்றையொன்று விட்டு அசையாமல் இருந்தாலும். ஆகவே ஓர் எல்லைப் புள்ளிக்கு இரண்டு எண் போதாது. எந்த உருண்டை, எந்தத் தளம், எந்த ஆண்டு என்றும் சேர்த்து எழுத வேண்டும். மனைப்பிரிவு விளம்பரங்களோடு கைமாறும் படங்களில் இந்த மூன்றும் எழுதியிருப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். வடக்கு நோக்கிய அம்புக்குறி மட்டும் தவறாமல் இருக்கிறது, அது எந்த வடக்கு என்று சொல்லாமல்.